பசியாறினீர்களா?

வியாபாரிக்குக் கணக்கு இன்றியமையாதது. ஆயினும், உண்ணும் தட்டையும் பேரேடாக்கி, கவளத்துக்குக் கவளம் கலோரி எழுதத்தான் வேண்டுமா?

கலோரி என்பது உணவு தரும் சக்தியின் அளவு. அமெரிக்க டாக்டர் லூலு ஹண்ட் பீட்டர்ஸ் 1918-ல் வெளியிட்ட நூல், அதை எண்ணி உண்ணும் வழக்கத்தைப் பொதுமக்களிடையே பரப்பிற்று. அந்த எண் பயனுடையதே. ஆனால், பசி தீர்ந்ததா என்பதை அது சொல்லாது.

வயிற்றை ஒடுக்குவதும் வழியன்று. 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் குறைந்த உணவளித்து ஆராய்ந்தார். அவர்களுக்கு எந்நேரமும் உணவின் நினைவே. சமையல் புத்தகங்களைப் படித்துக்கூட ஏங்கினர். மிதமிஞ்சி உண்பவனைப் போலவே, பட்டினி கிடப்பவனையும் உணவு ஆட்டிவைக்கிறது.

அப்படியானால் அளவு எங்கே இருக்கிறது? வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் எடை எதுவும் கூறவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்தபின் உண்ணவே சொன்னார்.

நாமும் ஒருவரையொருவர் கண்டால் “பசியாறினீர்களா?” என்றே விசாரிக்கிறோம்; “எவ்வளவு உண்டீர்கள்?” என்றல்ல. ஆனால் கல்லாவில் நின்றவாறே ஐந்து நிமிடத்தில் விழுங்குகிறவர் அதற்கு என்ன விடை சொல்வார்? வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டச் சற்று நேரமாகும். அதற்குள் தட்டு காலியாகிவிடும்.

ஆகவே, அன்பர்களே, அமர்ந்து, நிதானமாக உண்ணுங்கள். மறுசோறு கேட்குமுன், கேட்பது பசியா, கவலையா, வெறும் பழக்கமா என்று சிந்தியுங்கள். நீரிழிவுள்ளோர் வைத்தியர் விதித்த அளவைக் கைவிடலாகாது. மற்றவர்க்குப் பசியே போதுமான தராசு.