எந்த விளிம்பு?

தங்கையின் கல்யாணப் பத்திரிகையை ட்ரெடில் மெஷினில்தான் அடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தவன் நான். திருநெல்வேலியில் ஒரு சின்ன அச்சகம். பில் புத்தகத்துக்கு நம்பர் போடுவது, அட்டைக்கு மடிப்புக்கோடு போடுவது என்று அந்த மெஷினுக்கு இப்போது அவ்வளவுதான் வேலை. அச்சக அண்ணாச்சி அரைமனதாக ஒப்புக்கொண்டார். மணமக்கள் பெயர் பச்சையில், அதை ஒட்டிச் சிவப்பில் மெல்லிய கட்டம். ஒவ்வொரு அட்டையும் இரண்டு தடவை மெஷினுக்குள் போயாக வேண்டும். இரண்டாவது தடவை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும்.

அண்ணாச்சி முதலில் அட்டையே வைக்காமல் அடித்தார். தட்டின் மேல் இழுத்துக் கட்டியிருந்த காகிதத்திலேயே எழுத்து பதிந்தது. அதிலிருந்து ஸ்கேலால் அளந்து, கோடு போட்டு, மூன்று ஊசிகளைக் குத்தினார். கீழ்விளிம்புக்கு இரண்டு, இடதுவிளிம்புக்கு ஒன்று. பிறகு அந்த மையைத் துடைத்துவிட்டார்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐடிக்குப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். ‘ஜிக்ஸ் அண்ட் ஃபிக்ஸர்ஸ்’ பாடத்தில் 3-2-1 விதி என்று ஒன்று வரும். ஒரு பொருளை மறுபடி மறுபடி அதே இடத்தில் நிறுத்த அடியில் மூன்று புள்ளி, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று போதும். பரீட்சைக்கு எழுதியதுதான். இங்கே தட்டு அடியைத் தாங்குகிறது, மீதி இரண்டும் ஒன்றும் ஊசிகள்.

“இன்னொரு ஊசி குத்தினா இன்னும் கெட்டியா நிக்கும்ல அண்ணாச்சி?”

“நாலு குத்தினா தாளு எந்த மூணைத் தொடுதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது தம்பி.”

ஓர் அட்டையை அடித்தார். அதையே எடுத்து, அதே இடத்தில் வைத்து, மறுபடியும் அடித்தார். எழுத்து எழுத்தின் மேலேயே விழுந்தது. இரட்டை தெரியவில்லை. ஆனால் பெயர் நாங்கள் அளந்ததைவிட அரை மில்லிமீட்டர் கீழே இருந்தது. சொன்னேன்.

“இருக்கட்டும். எல்லாத்துலயும் அதே அரை மில்லி இருந்தா ஊசியை நகட்டிக்கிடலாம். ஒண்ணுக்கொண்ணு மாறுனாத்தான் ஒண்ணும் செய்ய முடியாது.”

இந்த வாக்கியத்தோடுதான் ஊருக்குத் திரும்பினேன்.

*

இரண்டு நிறங்களைப் பொருத்துவது அச்சுக்கலை தொடங்கிய நாளிலிருந்தே உள்ள தலைவலி. குட்டன்பர்க் தன் 42 வரி பைபிளின் முதல் சில பக்கங்களில் தலைப்புகளைச் சிவப்பில் அச்சடித்தார். சீக்கிரமே அதைக் கைவிட்டு, சிவப்பைக் கையால் எழுதுபவர்களிடம் விட்டுவிட்டார். 1457இல் மைன்ஸ் நகரில் ஃபுஸ்டும் ஷோஃபரும் வெளியிட்ட சங்கீதப் புத்தகத்தில் பெரிய முதலெழுத்துகள் சிவப்பும் நீலமுமாக, பிசிறில்லாமல் பொருந்தி நிற்கின்றன. எழுத்துக்கட்டையைத் துண்டுகளாகப் பிரித்து, தனித்தனியே மை தடவி, திரும்பப் பொருத்தி ஒரே அழுத்தில் அடித்திருக்கிறார்கள் என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. இரண்டாவது அழுத்தே இல்லையென்றால் பிசகவும் இடமில்லை அல்லவா?

நமக்கு அந்த வசதி கிடையாது. இன்று ஒருவரைப் பற்றி ஒரு முடிவெடுக்கிறோம். ஆறு மாதம் கழித்து, வேறொரு மனநிலையில், இன்னொருவரைப் பற்றி. இரண்டும் பொருந்த வேண்டும் என்று யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

என்னிடம் ஒருவர் கேட்டார். போன வருட அப்ரைசலில் என் டீமில் இரண்டு பேர். இருவர் கையாலும் ஒரு ரிலீஸ் சொதப்பியிருந்தது. ஒருவன் என் கல்லூரி ஜூனியர். “பையன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சரிபண்ணினான்” என்று அவனுக்கு உழைப்பைப் பார்த்து மதிப்பெண் போட்டேன். இன்னொருவர், குழந்தையை அழைத்துவர ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிற பெண். அவருக்கு விளைவைப் பார்த்துப் போட்டேன். “எதை வெச்சுப் போட்டீங்க?” என்று அவர் கேட்டபோது என்னிடம் தெளிவான பதில் இருந்தது. அவனைப் பற்றிக் கேட்டிருந்தாலும் இருந்திருக்கும். இரண்டிலும் ஒரு பொய்கூட இல்லை. ஆனால் ஒரு தாளைக் கீழ்விளிம்பிலும் மற்றொன்றை மேல்விளிம்பிலும் வைத்து அடித்திருந்தேன். இருவருக்கும் ஒரே கடுமை காட்டியிருந்தால் நான் கொடுமைக்காரன் என்றாவது தெரிந்திருக்கும், திருத்தியிருக்கலாம். விளிம்பு மாறினால் தப்புக்கு உருவமே இருப்பதில்லை.

அப்படியானால் ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டால் நீதி வந்துவிடுமா? கொஞ்ச நாள் அப்படித்தான் நம்பினேன். அட்டைகளை வாங்கப் போன அன்று அதுவும் உடைந்தது.

*

பின்பக்கத்திலும் ஒரு கட்டம், அதற்குள் மண்டபத்துக்கு வழி. ஆர்வக்கோளாறில் நான் ஓர் அட்டையை எடுத்து, தலைகீழாகப் புரட்டி ஊசியில் வைத்துவிட்டேன். அதாவது முன்பக்கத்தின் மேல்விளிம்பு இப்போது கீழ் ஊசிகளில். அடித்து வந்ததைப் பார்த்தால் அழகாகத்தான் இருந்தது. அண்ணாச்சி ஒரு ஊசியை எடுத்து முன்பக்கக் கட்டத்தின் மூலையில் குத்தி, அட்டையைத் திருப்பினார். ஓட்டை பின்பக்கக் கட்டத்துக்கு வெளியே விழுந்திருந்தது.

“அட்டையை வெட்டுனவன் கோணலா வெட்டியிருக்கான். ஒரே விளிம்புல வெச்சு அடிக்கிற வரைக்கும் தெரியாது. மாத்தி வெச்சாத்தான் தெரியும்.”

நூறு அட்டையும் கோணல். நூறும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

‘ராத்திரி உட்கார்வதுதான் உழைப்பு’ என்ற அளவுகோலை நான் இருவருக்குமே நேர்மையாகப் பிடித்திருந்தாலும் அது அந்தப் பெண்ணுக்கு எப்போதும் குறைவாகத்தான் காட்டியிருக்கும். அந்த விளிம்பை வெட்டியவர்கள் ஆறு மணிக்குக் கிளம்பத் தேவையில்லாதவர்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆக, வேலை இரண்டு. ஒரே விளிம்பை விடாமல் பிடிப்பது ஒன்று. எப்போதாவது தாளைப் புரட்டி எதிர்விளிம்பில் வைத்து, ஊசி குத்திப் பார்ப்பது மற்றொன்று. முதல் வேலையைச் செய்யாதவனுக்கு இரண்டாவது பயன்படாது. முதலாவதோடு நிறுத்துகிறவனுக்குத் தன் கோணல் கடைசிவரை தெரியாது.

அவரது மதிப்பெண்ணை மாற்ற முடியுமா என்று கேட்டுப்பார்த்தேன். கணக்கு முடிந்துவிட்டது என்றார்கள். மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். காரணத்தை நான் கேட்கவில்லை.

இந்த வருடம் பெயர்களைத் திறப்பதற்கு முன்பே அளவுகோலை ஒரு தாளில் எழுதிவைத்தேன். ஆறு மணிக்குக் கிளம்பும் ஒருவர் எழுதினால் எப்படி எழுதுவாரோ அப்படி எழுதப் பார்த்தேன். எழுதி முடித்து, முதல் ஆளாக என்னையே அதில் வைத்து அளந்தேன்.

சராசரிக்குக் கொஞ்சம் கீழே வந்தது.