தோழியின் இரு அச்சம்: தம்மைக் காயப்படுத்திக்கொள்ளும் இளையோரும் அறத்தொடு நிற்றலும்

விடுதியில் தங்கிப் பயிலும் மாணவி ஒருத்தி தன் உடலைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள். அதனை அறைத்தோழி அறிய நேர்கிறது; எவரிடமும் கூறுவதில்லை என்ற உறுதிமொழியும் பெறப்படுகிறது. அவ்வுறுதியைக் காப்பது அறமா, மீறுவது அறமா? இவ்வினா உளமருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. மறைபொருளைக் காப்பவள் எதிர்கொள்ளும் இத்தகைய நெருக்கடியை அகமரபு எண்ணிப் பார்த்து, ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயரும் இட்டுள்ளது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் தோழி செவிலிக்குக் கூறும் கூற்றே. தலைவியின் மெய் மெலிந்துள்ளது. காரணம் அறியாத செவிலி அறிந்தோரை வினவுகிறாள், தெய்வங்களைப் பரவுகிறாள். காரணம் தோழிக்குத் தெரியும். பகைகொண்ட இரு பெருவேந்தரிடையே நின்று சந்து செய்யும் சான்றோரோடு அவள் தன்னை ஒப்பிட்டுக்கொள்வது ஈண்டு நோக்கத்தக்கது. சொன்னாலும் அச்சம், சொல்லாவிடினும் அச்சம். எனினும் அவள் ஒளிந்து சென்று கோள் உரைப்பவள் அல்லள். வெளிப்படுத்தினால் பழி உண்டோ என்ற எண்ணம் தலைவியிடமிருந்தே எழுகிறது. செவிலியிடம் தோழி முதற்கண் வேண்டுவதோ சினவாதிருத்தலை. தொல்காப்பியம் அறத்தொடு நிலையை எழுவகைப்படுத்தி, உண்மையை நேர்படச் செப்புதலை அவற்றின் இறுதியில் வைக்கிறது. மறையை வெளிப்படுத்தலாமா என்பதோடு, யாரிடம், எம்முறையில், யார் அறிய என்பனவும் அறத்தின் பகுதிகளே என இதனால் கொள்ளலாம்.

மறை வெளிப்படாதவிடத்து நிகழ்வது வெறியாட்டு. தலைவியின் நோய் முருகால் வந்ததென வேலனை அழைப்பர். தன்னால் வந்த நோயன்று என அறிந்தும் வந்து நின்ற முருகனையே அறியாமை உடையவன் எனத் தோழி இகழ்கிறாள் (நற்றிணை 34). இன்றைய இல்லங்களில் வேலன் இல்லை. பிழையான நோய்நாடல் உண்டு. ‘நாடகம்’, ‘மிரட்டல்’, ‘சேர்க்கை சரியில்லை’ என்பன அதன் சொற்கள். தலைவன் ஊர் காணப் பனைமடற் குதிரையில் ஏறித் தன் உடலை வருத்திக் கோரிக்கையை நிறைவேற்றிக்கொள்ள முனையும் மடலேற்றத்தோடு இளையோரின் இச்செயலைப் பெரியோர் மயங்கிக் காண்கின்றனர். மடல் தெருவில் நிகழ்வது. இதுவோ பெரும்பாலும் முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கப்படுவது. களவை மடலாகக் கண்ட பிழையே தண்டனையாக உருவெடுக்கிறது.

சட்டமும் நெடுங்காலம் இவ்வேறுபாட்டைக் காணவில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309ஆம் பிரிவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. சாகும் எண்ணமின்றிச் செய்துகொள்ளும் காயம் அதனுள் அடங்காது; ஆயினும் வழக்கு வரும் என்ற அச்சம் குடும்பங்களை மருத்துவமனை வாயிலிலிருந்து விலக்கியதுண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா 309ஐக் கைவிட்டு, அரசுப் பணியாளரைக் கட்டாயப்படுத்தும் முயற்சியை மட்டும் 226ஆம் பிரிவில் தண்டிக்கிறது. மடலைச் சட்டம் தனியே பிரித்துவிட்டது எனலாம். இல்லங்கள் இன்னும் பிரிக்கவில்லை.

குறிஞ்சிப்பாட்டில் செவிலியின் மறுமொழி இல்லை. இப்பொருளில் அம்மறுமொழியே முதன்மையானது. களவு வரைவில் முடியும். இத்துயருக்கு அத்தகைய ஒற்றை முடிவு கிடையாது. தாங்கவொண்ணா உணர்வைச் சிறிதுபொழுது தணிக்கும் வழியாகவே பலர் இதனை நாடுகின்றனர். ஆகவே ‘இனிச் செய்யாதே’ என்று சத்தியம் வாங்குவது, மாற்று வழி தராமல் இருந்த வழியை அடைப்பதாகும்; செயல் நிற்பதைவிட அது மறைவதற்கே வாய்ப்பு மிகுதி. உணர்வுக்குப் பெயரிட்டுக் கூறுதல், எழுதுதல், நடத்தல், உந்துதல் தணியும்வரை ஒருவர் உடனிருத்தல் போன்றவை பழகப் பழகவே கைகூடும். இயங்கியல் நடத்தைச் சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், இளமையில் தாமும் இத்துயருக்கு ஆட்பட்டதை 2011இல் வெளிப்படுத்தினார். ஏற்றல், மாற்றல் ஆகிய இரண்டையும் ஒருங்கே கொள்வது அவர்தம் முறை.

தோழி மருத்துவர் அல்லள் என்பதையும் மறத்தலாகாது. சாகும் எண்ணம் இல்லையென்று கூறப்பட்டாலும், பின்னாளில் தற்கொலைக்கான இடர் இத்தகையோர்க்கு மிகுதி. அவ்வெண்ணம் வெளிப்பட்டாலோ காயம் கடுமையானாலோ, இசைவுக்குக் காத்திராமல் உடனே உரியவரிடம் கூறுதலே அறம். உறுதிமொழி அவ்விடத்தில் கட்டுப்படுத்தாது. ஏனைய நிலைகளில், ‘நாம் இருவரும் சேர்ந்து யாரிடம் சொல்லலாம்’ என்று கேட்பதே குறிஞ்சிப்பாட்டுத் தோழியின் நெறி. வீட்டாரே துன்பத்திற்குக் காரணமாயின் அந்த யார் என்பது பெற்றோராக இருத்தல் வேண்டுவதில்லை. ஆசிரியரோ ஆற்றுப்படுத்துநரோ ஆகலாம். தில்லியிலோ காசியிலோ தமிழ் பேசுவோர் அருகில் இல்லாத விடுதியில் இருப்பவர்க்கு, நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கிறது.