ஏரிக்குக் கலங்கல், இல்லறத்துக்கு அளவு





பூந்தமல்லியைக் கடந்து திருப்பெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலைக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி விரிந்து கிடக்கின்றது. சென்னை மாநகரின் தாகம் தணிக்கும் நீர்நிலைகளுள் இதுவும் ஒன்று. அதன் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. இத்துணைப் பெரிய ஏரிக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையை மீறும் நீரை வெளியேற்ற 19 கண் மதகும் 5 கண் மதகும் உள்ளன. நீர் வரும் வழியை மட்டும் அமைத்து, மிகுந்த நீர் செல்லும் வழியை அமைக்காத ஏரி ஒரு பெருமழைக்குத் தாங்காது, கரை உடையும். அதனால்தான் நம் முன்னோர் ஏரி அமைக்கும்போதே கலங்கலையும் கட்டி வைத்தனர்.

நம் இல்லங்களை இப்போது எண்ணிப் பார்ப்போம். பொருள் உள்ளே வருவதற்கு நூறு வழிகள் உள்ளன. தீபாவளி, திருமணம், வளைகாப்பு, தள்ளுபடி விற்பனை என்று ஆண்டு முழுதும் நீர்வரத்துக்குக் குறைவில்லை. வெளியே செல்லும் கலங்கல் எங்கே இருக்கிறது?

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் பெருகின. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து நம் குடும்பத்துப் பிள்ளைகளும் பிழைப்பை நாடிச் சென்னைக்கும் அதன் புறநகர்களுக்கும் வந்து குடியமர்ந்தனர். அவர்கள் இல்லங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நாம் கேட்கும் குறை ஒன்றே: "வீட்டில் இடம் போதவில்லை." அவர்களுடைய பாட்டனார் ஊரில் ஒரு மரப்பெட்டியும் ஒரு துணிக்கொடியும் கொண்டு எண்மர் வாழ்ந்தனர். இன்று நால்வர் வாழும் இல்லத்தில் இரும்பு பீரோ, மர அலமாரி, கட்டிலுக்கு அடியில் இழுப்பறை, தலைக்கு மேல் பரண் ஆகிய யாவும் உள்ளன. இருந்தும் இடம் போதவில்லை. குறை இடத்தில் இல்லை என்பது இதனால் விளங்கும்.

நம் ஆசாரியர்கள் இதனை முன்பே ஆராய்ந்து வைத்தனர். நிலம், வீடு, பொன், தானியம் எனப் புறப்பற்றுப் பொருள்களை வகுத்தபோது 'குப்பியம்' என ஒன்றையும் சேர்த்தனர். பருத்தியும் பட்டுமாகிய ஆடைகள் அதனுள் அடங்கும் என உரையாசிரியர் விளக்குவர். ஒருமுறை துய்த்தவுடன் தீர்ந்துபோவது போகம். மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம். முன்னதற்கு உணவையும் பின்னதற்கு ஆடையையுமே சமந்தபத்திர சுவாமிகள் எடுத்துக்காட்டினார். ஆகவே துணி அலமாரியைப் பற்றிப் பேசுவது வீட்டு வேலையைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. அது அணுவிரதத்தைப் பற்றிய பேச்சு. ஐந்தாம் அணுவிரதமாகிய மிகுபொருள் விரும்பாமைக்கு அப்பெருமகனார் 'இச்சா பரிமாணம்' என்னும் மற்றொரு பெயரையும் தந்தார். அளக்க வேண்டியது பொருளை மட்டுமன்று, ஆசையை என்பது கருத்து.

இதனை நாம் நூலில் பலமுறை படித்ததுண்டு. ஆயினும் 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில்தான் அது நம் நெஞ்சில் பதிந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செம்பரம்பாக்கத்தில் மட்டும் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடியாக உயர்ந்தது. அடையாறு கரை புரண்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எனக் கரையோரப் பகுதிகள் நீரில் மூழ்கின. ஏரியை முன்னதாகவே சிறிது சிறிதாகத் திறந்திருக்க வேண்டுமா என்னும் விவாதம் அன்று தொடங்கி நெடுங்காலம் நடந்தது. அதனைத் தீர்த்து வைப்பது நம் பணியன்று. தேங்கியது மிகுந்தபின் ஒரே இரவில் வெளியேறும் நீர் எத்தன்மையது என்பதை மட்டும் நாம் கண்ணாரக் கண்டோம்.

வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், பாலும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையை ஒட்டிய நம்மவர் இல்லம் ஒன்றுக்குச் சென்றோம். தரைத்தளத்து வீடு. மர இழுப்பறைகள் நீரில் ஊறிப் பருத்துத் திறக்க மறுத்தன. கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். பீரோவில் இருந்த சேலைகளின் சாயம் ஒன்றோடொன்று கலந்திருந்தது. சேறு மடிப்புக்கு மடிப்பு ஏறியிருந்தது. அம்மையார் ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்தில் போட்டார். எழுபத்தொரு சேலைகள். அவற்றுள் அவ்வாண்டில் உடுத்தியவை பதினான்குதானாம். சிலவற்றில் விலைச்சீட்டுக்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

அவ்வேளையில் அவ்வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்மணி வாயிலில் வந்து நின்றார். ஆற்றோரம் இருந்த அவருடைய குடிசை போய்விட்டது. மூன்று நாள்களாக உடலில் கிடந்த ஒரே ஈரச்சேலையுடன் நடுங்கிக்கொண்டிருந்தார். அம்மையார் பதறிப்போய் அந்தக் குவியலில் நல்லதாக ஒன்றைத் தேடினார். எழுபத்தொன்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. அப்படியே தரையில் அமர்ந்து சொன்னார்: "போன வாரம் வரைக்கும் அத்தனையும் இருந்ததுங்களே! அப்போது இவளுக்கு ஒன்று கொடுக்க மனம் வரவில்லை. இன்றைக்கு மனம் வந்தது. கொடுக்க ஒன்றும் இல்லை."

இதைவிடச் சிறந்த உபதேசத்தை நாம் கேட்டதில்லை.

அடி இழுப்பறையில் மற்றொன்றும் கிடைத்தது. அவருடைய மாமனார் தம் கையால் தோத்திரங்களை எழுதி வைத்த குறிப்பேடு அது. இரண்டு ஆண்டுகளாகத் தேடியும் அகப்படாமல், பழந்துணிகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அகப்பட்டபோது மை முழுதும் கரைந்து தாள்கள் நீலமாகியிருந்தன. வேண்டாதவற்றைச் சேர்த்து வைப்போர் வேண்டியதையும் இழப்பர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அன்றிரவு இல்லம் திரும்பி நம் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தோம். பூட்டு எதுவென்று தெரியாத ஒன்பது சாவிகள், எழுதாத பேனாக்கள், உடைந்த மூக்குக்கண்ணாடிகள், முடிந்துபோன திருமணங்களின் அழைப்பிதழ்கள். அலமாரியில், உடல் இளைத்தால் அணியலாம் என்று பத்தாண்டுகளாகக் காத்திருக்கும் சட்டைகள். ஊருக்கு உபதேசம் செய்யும் நம் நிலையும் அதுவே.

எதற்காக இவற்றை விடாமல் வைத்திருக்கின்றோம்? புறப்பற்று பத்து, அகப்பற்று பதினான்கு, ஆக 24 என்று ஆகமம் கணக்கிடும். அந்த அகப்பற்றுகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தால் ஒவ்வொரு தட்டிலும் ஒன்று தென்படும். "பின்னால் வேண்டியிருக்குமே" என்று வைத்தது அச்சம். "இது நம்மிடம் இருப்பதை நாலுபேர் அறிய வேண்டும்" என்று வைத்தது மானம். விலை குறைவு என்பதற்காகவே வாங்கியது உலோபம். கணவருக்குத் தெரியாமலும் மாமியாருக்குத் தெரியாமலும் ஒளித்து வைத்தது மாயை. மறைந்த தாயின் சேலையைத் தொடவும் மாட்டாமல், பிறருக்குத் தரவும் மாட்டாமல் வைத்திருப்பது சோகம். பொருளன்று, அதன்மீது கொண்ட மயக்கமே பரிக்கிரகம் என்று உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் உணர்த்தியது இதனையே.

சோகத்தினால் வைத்திருப்போரிடம் கடுமை காட்டலாகாது. தாயின் நினைவாக ஒரு சேலையை வைத்துக்கொள்க. மற்றவற்றை அவர் பெயரால் உடுக்க இல்லாதவர்க்கு வழங்குக. பெட்டியில் மக்குவதைவிட ஓர் ஏழைத்தாயின் தோளில் கிடப்பதே அச்சேலைக்குப் பெருமை.

மிகுபொருள் சேர்த்தல் இம்சைக்கும் இடம் தருகின்றது என்பதை மறத்தலாகாது. ஆண்டுக்கணக்கில் திறவாத இழுப்பறையில் அந்துப்பூச்சியும் வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் குடியேறுகின்றன. பிறகு நாமே நச்சுருண்டையை இட்டு அவற்றைக் கொல்கின்றோம். உயிர்கள் பிறக்க இடமும் கொடுத்து, இறக்க மருந்தும் வைப்பது அகிம்சை நெறியினர்க்கு அடுக்குமா? குறைவாக வைத்து, அடிக்கடி எடுத்து உதறி, காற்றும் ஒளியும் படச் செய்தால் இவ்வினைக்கு இடமே இல்லை. பட்டைப் பற்றியும் ஒரு சொல்: ஒரு பட்டுச் சேலைக்காக ஆயிரக்கணக்கான புழுக்கள் கூட்டோடு கொதிநீரில் மாய்கின்றன. இருப்பதை எண்ணிப் பார்ப்பவர் இனி வாங்குவதையும் எண்ணிப் பார்ப்பாராக.

ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள், ஜப்பானியர் வகுத்த 'ஐந்து எஸ்' என்னும் ஒழுங்குமுறையை அறிந்திருப்பர். வேண்டாததைப் பிரித்தல், வேண்டியதை வரிசைப்படுத்தல், துப்புரவு செய்தல், அதனை முறையாக்குதல், பழக்கமாக்குதல் என்பன அவை. ஆலையில் ஒரு திருகாணி இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடிப்பவர், இல்லத்தில் தம் சட்டையைக் காணாமல் மனைவியை அழைக்கின்றார். ஆலையில் காலமும் பொருளும் வீணாகாமைக்காக இதனைச் செய்கின்றனர். நம் நெறியோ உயிர்களின் பொருட்டு இதனைச் செய்யச் சொல்கின்றது. முனிவர் பெருமக்கள் கமண்டலத்தையும் நூலையும் எடுக்கும்போதும் வைக்கும்போதும் கண்ணால் நோக்கி, மயிற்பீலியால் மெல்லத் துடைப்பர். அது ஆதான நிக்ஷேபண சமிதி. கழிப்பதையும் உயிரற்ற இடம் பார்த்தே கழிப்பர். அது உத்சர்க்க சமிதி. எடுத்தல், வைத்தல், கழித்தல் என்னும் இம்மூன்றிலும் விழிப்போடு இருந்தால் இல்லறத்தாரின் இழுப்பறையும் ஒரு சமிதிக்கூடமே.

செய்முறையைச் சுருங்கச் சொல்வோம். ஒரே நாளில் வீடு முழுவதையும் புரட்ட வேண்டா. அது ஆர்த்த தியானத்திலும் சச்சரவிலும் முடியும். ஒரு சதுர்த்தசிக்கு ஓர் இழுப்பறை போதும். உள்ளிருப்பவை அனைத்தையும் பகலொளியில் வெளியே எடுத்து, சிற்றுயிர் இருந்தால் நிழலில் மெல்ல உதறி விடுக. ஓராண்டாகப் பயன்படாதவற்றைத் தனியே வைக்க. பயன்படுவனவற்றை வகைக்கு ஓரிடமாக, எடுத்தால் மற்றவை கலையாதவாறு அடுக்குக. சாத்திர நூல்களைத் துணிகளோடு சேர்க்காமல், வீட்டில் உயர்ந்த, ஈரம் எட்டாத இடத்தில் வைக்க. பிறர் பொருளில் கை வையாதீர். அவரவர் பற்றை அவரவரே விடுதல் வேண்டும்.

பிரித்தவற்றை வழங்கும் முறையிலும் கருத்து வேண்டும். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினம் பக்கத்தில் எங்கெங்கிருந்தோ வந்த பழந்துணிகள் உடுப்பார் இன்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. கிழிந்ததையும் கறைபட்டதையும் தள்ளிவிடுவது தானமன்று. நம் குப்பையைப் பிறர் தலையில் ஏற்றுவது. துவைத்து, பொத்தான் தைத்து, மடித்து, நாமே உடுக்கத் தகும் என்ற நிலையில், இருகையாலும் கொடுத்தலே தானம். கிழிந்தவை துடைக்கும் துணியாகட்டும்.

தசலட்சண பருவத்தின் எட்டாம் நாள் உத்தம தியாகம். ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யம். முதல் நாள் கொடுத்துவிட்டு, மறுநாள் "எனதென்று ஏதுமில்லை" என்று அமர்வதற்கேற்ற வரிசை இது. வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்கள் முன்னதாகவே இப்பருவம் வந்துவிடுகின்றது. மழைக்கு முன் ஏரியில் இடம் வைப்பதுபோல் நாமும் நம் இல்லத்தைத் திறந்துவிடக் காலமும் பொருந்தி வருகின்றது.

வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம்; காலவரையறையோடு ஏற்பது நியமம். ஒரு நாளுக்கும், ஒரு பட்சத்திற்கும், ஒரு திங்களுக்கும், ஓர் அயனத்திற்கும் நியமம் ஏற்கலாம் என ஆசாரியர் இசைவு தந்துள்ளார். ஆகவே அடுத்த இதழ் உங்கள் கைக்கு வரும் வரையிலான மூன்று திங்களுக்கேனும் இந்நியமத்தை ஏற்குமாறு வேண்டுகின்றோம்: இத்தனை ஆடை என ஓர் எண்ணை உங்களுக்கு நீங்களே வரையறுத்துக்கொள்ளுங்கள். புதிது ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே செல்லட்டும். அதுவே உங்கள் இல்லத்தின் கலங்கல்.

முன்னே சொன்ன அம்மையார் அவ்வாறே விரதம் ஏற்று இன்றளவும் காத்து வருகின்றார். எத்தனை சேலை என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாத்திரம் துலக்க வரும் அப்பெண்மணி சென்ற பொங்கலன்று உடுத்தியிருந்த சேலையை மட்டும் கண்டோம். புதுச்சேலை; மடிப்புக் கலையாதது.

சமந்தபத்திர சுவாமிகள் இல்லறத்தார்க்கு அருளிய நூலின் பெயர் இரத்தினகரண்டகம். அதனை அடியொற்றித் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. கரண்டகம் என்றாலும் செப்பு என்றாலும் பொருள் சிறுபெட்டி என்பதே. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மூன்று மணிகளே அப்பெட்டியில் உள்ளவை. நாம் புறப்படும் நாளில் பீரோவின் சாவி இங்கேயே நின்றுவிடும். அச்செப்பு ஒன்றே உடன் வரும். அதனை வைக்கச் சிறிது இடம் ஒழிப்போமாக.

அறம் வளர்க! ஜினதருமம் ஓங்குக!