காலியாக ஓடும் பஸ்

போடிநாயக்கனூருக்கு ரயில் திரும்பி வந்தது 2023 ஜூன் 15-இல். 1928-இல் வந்த மீட்டர் கேஜ் பாதை அது. உலகப்போரின்போது பிடுங்கி எடுத்தார்கள், ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள், 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடினார்கள். மதுரை வரை தொண்ணூறு கிலோமீட்டர். அதைத் திரும்பத் திறக்கப் பன்னிரண்டரை வருஷம். அதற்குள் ஒரு தலைமுறையே பைக்குக்கு மாறிவிட்டது.

என்னை உறுத்துவது தண்டவாளக் கணக்கு இல்லை. ராசிங்காபுரத்தில் ஒருத்தர் தவணையில் பைக் வாங்குகிறார். தப்பா? சத்தியமாக இல்லை. ஆனால் பஸ்ஸில் ஒரு டிக்கெட் குறைகிறது. இப்படிப் பலர் வாங்கினால் ஒரு டிரிப் போகும். டிரிப் போனதால் இன்னும் பலர் வாங்குவார்கள். கடைசியில் நிறுத்தத்தில் மிஞ்சுவது பைக் ஓட்ட முடியாதவர்கள்தான்: அப்பத்தாக்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கண் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள். இதில் யாருமே கெட்டது செய்யவில்லை. கெடுதல் மட்டும் நடந்து முடிந்துவிட்டது. நல்லவராக இருப்பது பற்றி நாம் படித்த பாடம் எதுவும் இந்த இடத்தில் உதவுவதில்லை.

"ஆளே ஏறல, அதான் நிறுத்திட்டோம்" என்பார்கள். நான் வேலை பார்க்கும் துறையில் இது பழகிய விஷயம். சர்வர் லாகில் வந்தவன்தான் இருப்பான். சலித்துப்போய் வராமலே இருந்துவிட்டவன் இருக்க மாட்டான். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதும் பெண்கள் கூட்டம் ஏறியது. அந்தப் பயணங்களின் தேவை முந்தின மாதமும் இருந்ததுதான். டிக்கெட் கணக்கில் மட்டும் இல்லை.

கடைசி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேரோடு போகும். வீண் என்று தோன்றும். ஆனால் ஏழு மணி பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்பவர்களில் பாதிப் பேர், இதை விட்டால் ஒன்பது மணிக்கு ஒன்று உண்டு என்ற தெம்பில்தான் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார்கள். ஒன்பது மணி வண்டியை வெட்டினால் ஏழு மணி வண்டியும் இளைக்கும்.

சுவிட்சர்லாந்தில் 1982-இல் மணிக்கொரு ரயில் என்று அட்டவணை போட்டார்கள். பிறகு பஸ்ஸையும் அதோடு கோத்தார்கள். நம்மிடம் கும்டா சட்டம் 2010-லேயே வந்துவிட்டது, ஆனால் சென்னைப் பெருநகருக்கு மட்டும். தேவாரம் போகிற பஸ்ஸுக்குப் போடி ரயில் ஒரு அந்நியன்.

ரயில் பத்து நிமிஷம் தாமதம் என்று வையுங்கள். பஸ் காத்திருக்கலாமா? உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பத்து நிமிஷம் நஷ்டம். ரயிலிலிருந்து இறங்கி வருகிறவருக்கோ ராத்திரியே போச்சு. காத்திருக்கணும் என்பதே என் கட்சி. ஆனால் அதை டிரைவரின் இரக்கத்துக்கு விடக்கூடாது. அட்டவணையில் எழுதியிருக்கணும், அந்தப் பத்து நிமிஷத்துக்கு அவர் யாரிடமும் திட்டு வாங்கக் கூடாது.