விசுவாசமும் வித்தியா சுதந்திரமும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தின் வெண்தூண்களைக் கண்டு பார்க்குவார் வீதி வழியே நடப்பவனுக்கு, ஹச்சிங்ஸ் பாதிரியார் 1816-இல் எவ்வினத்து எச்சமயத்துப் பிள்ளைக்கும் இடமுண்டு என்ற ஏற்பாட்டுடன் தோற்றுவித்த ஃபிரீ ஸ்கூலின் பழைய கட்டடமும், லாசால் சகோதரர்கள் 1852-இல் ஏற்று நடத்தத் தொடங்கிய சேவியர் பள்ளியும், அதே ஆண்டில் இங்கு வந்த கன்னிமாரின் கான்வென்டும் ஒரு கூப்பிடு தூரத்துக்குள்ளேயே எதிர்ப்படும். இத்தனை வித்தியாசாலைகளைப் பெற்ற இத்தீவில் கிறிஸ்தவ சர்வகலாசாலை ஒன்று மட்டும் எழவில்லை. ஆகவே, ஒரு சமயத்தின் பெயரால் நிறுவப்பட்ட உயர்கல்விச் சாலையில் ஆசிரியனுடைய ஆராய்ச்சிக்கு எதுவரை சுதந்திரம் உண்டு என்னும் வினாவை எழுப்புவோர் ஈழத்துக்கும் சென்னைக்கும் செல்ல நேர்கிறது. மலாயாவின் கச்சேரிகளிலும் ரயில்வே நிலையங்களிலும் பணி செய்ய வந்த யாழ்ப்பாணத்தார் பலர் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்களே என்பதை எண்ணினால், அந்தச் சரித்திரம் நமக்கு அந்நியமானதன்று.

முதலில் ஒரு பேதத்தைத் தெளிந்துகொள்வது நலம். 1665-இல் சயாம் நாட்டு அயுத்தியாவில் தோன்றி, போர்களாலும் துன்புறுத்தல்களாலும் இடம் பெயர்ந்து, சில ஆண்டுகள் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் தங்கி, 1808-இல் பினாங்கில் நிலைபெற்ற காலேஜ் ஜெனரல் என்னும் குருமடம், கத்தோலிக்கத் திருச்சபையின் குருமாரைப் பயிற்றுவிப்பதற்கென்றே ஏற்பட்டது. அங்கே திருச்சபையின் உபதேசம் கற்பிக்கப்படுவதைக் கண்டு சுதந்திரம் பறிபோயிற்று என்று புலம்புவது பேதைமை. பலவகை மாணாக்கரைச் சேர்த்து, வான சாஸ்திரமும் தர்க்கமும் தத்துவமும் போதித்து, உலகம் மதிக்கும் பட்டத்துக்கு அவர்களை ஆயத்தம் செய்யும் கலாசாலையின் நிலை வேறு. வினா எழுவது அங்கேதான்.

அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, தேவ ஊழியரை உருவாக்கும் நோக்கத்துடன் தொடங்கினும், சில ஆண்டுகளிலேயே ஒரு சர்வகலாசாலையின் சாயலைப் பெற்றுவிட்டது. அதன் தலைவர் டானியேல் பூர், 1829-இல் நிகழ்ந்த ஒரு சந்திர கிரகணத்தைக் குறித்துப் பஞ்சாங்கக்காரரின் கணிப்பில் பிழை உண்டென்று முன்கூட்டியே அறிவித்தார்; கிரகணமும் செமினரியின் கணிப்புப்படியே நிகழ்ந்தது. புராணத்தின் மேலுள்ள நம்பிக்கை இதனால் தளரும் என்பது மிஷனரிமாரின் கருத்து. பிறருடைய சாஸ்திரத்தைச் சோதனைக்கு உள்ளாக்குவது எவர்க்கும் எளிதே. நம் வீட்டு நூல்களையும் அதே தராசில் வைக்கச் சொன்னால்தான் கை நடுங்கும்.

பூருக்குப் பின் தலைமை ஏற்ற ஹென்றி ஹொய்சிங்டன் காலத்தில் இன்னும் விந்தையான காரியம் நடந்தது. சைவத்தை மறுக்க வேண்டுமாயின் அதன் மூலநூல்களை அறிய வேண்டும் என்று கருதி அவற்றைக் கற்கப் புகுந்த இந்த மிஷனரி, மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1854-இல் அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. சைவத்தின் மேல் வெற்றி கொள்ள ஏற்பட்ட பாசறையிலிருந்தே சைவ சித்தாந்தம் மேலைநாட்டு அறிஞர் சபைக்குப் புறப்பட்டுச் சென்றது! மறுப்பதற்காகவேனும் ஒரு நூலை நேர்மையுடன் பயில்பவன் அந்நூலுக்குச் செய்யும் உபகாரம், அதைப் படியாமலே போற்றுகிறவனால் ஆவதன்று.

ஆனால் அடுத்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. அம்மிஷனரிமாரை அனுப்பிய அமெரிக்கன் போர்டின் காரியதரிசியான ரூபஸ் ஆண்டர்சன் குறுகிய மனமுடையவரல்லர். சுதேச சபைகள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ள வேண்டும், உபதேசம் தாய்மொழியில் நடைபெற வேண்டும் என்று வாதித்த தீர்க்கதரிசி அவர். அத்தகையவரே, மாணாக்கர் உத்தியோகத்தை நாடி ஆங்கிலம் கற்கின்றனர், செலவுக்கு ஏற்ற ஆத்தும லாபம் கிட்டவில்லை என்று 1855-இல் கணக்குப் பார்த்து, அக்கலாசாலையின் கதவைச் சாத்தச் செய்தார். அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாயினர், தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராகவே வாழ்ந்து, கலித்தொகை முதலான பழந்தமிழ் நூல்களை அச்சேற்றினார். போர்டின் கணக்கேட்டில் இவர் நஷ்டப் பத்தியில் எழுதப்பட வேண்டியவர். அத்தகைய கணக்கேட்டை வைத்திருப்பதே பிழை என்பது என் அபிப்பிராயம். ஆசிரியனின் வாயை எவரும் அடைக்கவில்லை, புத்தகம் எதையும் எரிக்கவில்லை. பலனைக் கேட்டார்கள், அவ்வளவே. அது போதுமானதாயிற்று.

செமினரி மூடப்படுவதற்கு மூன்றாண்டு முன்பு, 1852-இல், டப்ளின் நகரில் கார்டினல் நியூமன் (அப்போது அவர் கார்டினல் ஆகவில்லை) சர்வகலாசாலையைக் குறித்து ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவு வேறொரு பயனை நோக்காமல் தானே பயனாய் நிற்பது என்றும், இறையியலும் அதற்குரிய ஆசனத்தில் அங்கு அமர வேண்டும் என்றும் வாதித்தார். ஆயினும் தாம் தலைமை தாங்கிய கத்தோலிக்க சர்வகலாசாலையில் ஆயர்களோடு இணங்கிப் போக இயலாமல் 1858-இல் அவர் விலக நேர்ந்தது. கொள்கையை வகுப்பவனுக்கும் நிர்வாகக் குழுவின் நாற்காலிக்கும் உள்ள தூரம் அப்படிப்பட்டது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்தது நெஞ்சுக்கு இதமானது. வேதாந்தத்தில் அறவொழுக்கத்துக்கு இடமில்லை என்ற கிறிஸ்தவ விமரிசகரின் குற்றச்சாட்டால் மனம் குத்துண்ட இருபது வயது மாணாக்கர் ஒருவர், அதற்கு மறுப்பாக 1908-இல் எம்.ஏ. பட்டத்துக்கு ஓர் ஆய்வுரை எழுதினார். அவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக், தம் மார்க்கத்தாரை எதிர்த்து எழுதிய அவ்வுரையின் தத்துவத் தெளிவைப் புகழ்ந்து நற்சான்று வழங்கினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1938-இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், ஜாவாத் தீவில் ஊழியம் செய்த ஹென்ட்ரிக் கிரேமர் தேவ வெளிப்பாட்டுக்கும் மனிதர் சமயங்களுக்கும் இடையே பெரும் பிளவைக் காட்டியபோது, கிறிஸ்தவரல்லாதாரின் விசுவாசத்திலும் தேவனோடு மெய்யான உறவு உண்டு என்று எதிர்த்து வாதித்தவரும் இதே ஹாக்தான். அவர் கிறிஸ்துவை மறைத்துப் பேசியவரல்லர். தமக்கு உறுதி இருந்தமையால் மாணாக்கனுடைய உறுதியைக் கண்டு அஞ்சவில்லை.

கல்வியின் மேல் விழும் கை எப்போதும் சபையின் கையே என்றும் எண்ண வேண்டாம். மலேசியாவின் 1971-ஆம் ஆண்டுச் சர்வகலாசாலைச் சட்டம், மாணாக்கர் அரசியல் கட்சிகளில் சேர்வதை 2012-இல் திருத்தப்படும் வரை தடுத்து வைத்திருந்ததை நம் நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். ராஜாங்கத்தின் கட்டளையைக் கண்டிக்கும் நாவு, தன் சபையின் கட்டளையிடமும் அதே நியாயத்தைக் கேட்கக் கடமைப்பட்டது.

எஞ்சி நிற்பது கடினமான ஒரு வழக்கு: கிறிஸ்தவ சர்வகலாசாலையில் நியமனம் பெற்ற தத்துவாசிரியர் ஒருவர், ஆராய்ச்சியின் முடிவில் தம் விசுவாசத்தையே இழந்தால் என் செய்வது? தேவாலயப் பிரசங்கியாக இருந்தால் அவர் விலகுவதே கண்ணியம். தத்துவாசிரியராக இருப்பின், மாணாக்கரின் நம்பிக்கையைப் பரிகசியாமல் தம் காரணங்களை அவர்கள் முன் வைத்து மறுமொழிக்கு இடம் கொடுக்கும் வரையில், அவருடைய சம்பளத்திலும் பதவியிலும் கை வைக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் இல்லை என்று நியமனப் பத்திரத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நன்கொடையாளர் சிலர் கோபித்துப் பணத்தை நிறுத்துவார்கள். அந்தத் தொகையை முதல் ஆண்டிலேயே வரவுசெலவுத் திட்டத்தில் கழித்துக்கொள்வது நல்லது.