யாழ் கேட்ட பரிசில்

நம் ஆலயப் பாடகர் குழுக்களில் ஒலிக்கும் கித்தாரின் பெயர் மிகத் தொன்மையானது. பண்டைக் கிரேக்கர் 'கித்தாரா' என்றழைத்த நரம்புக் கருவியின் பெயரே மொழிகள் பல கடந்து இவ்வாறு திரிந்தது. ஆயின் அக்கருவிக்கு இன்றைய கித்தாரின் நீண்ட கழுத்து இல்லை. மரப்பெட்டி, அதிலிருந்து எழும் இரு கைகள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கட்டை, இவ்வளவே. கிரேக்க எழுத்தாளர் சிலர் அதனை ஆசியக் கருவி என்றே குறித்தனர். உரு மாறியும் பெயர் நிலைத்தது.

நம் யாழுக்கோ அந்தப் பேறும் முழுமையாய் வாய்க்கவில்லை. வீணை அதன் இடத்தைக் கொள்ள, யாழ் ஏட்டில் ஒடுங்கிற்று. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் 'யாழ் நூல்' தந்திராவிடில் அதன் இலக்கணமும் நமக்கு எட்டாதிருக்கும். தாவீதின் இசைக்கருவிக்கு நம் திருவிவிலியம் இச்சொல்லையே ஆள்வது ஓர் ஆறுதல்.

யாழின் தோற்றம் வில்லில் என்பர். பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நாணாகப் பூட்டி, வில்யாழ் செய்கிறான். உயிர் கொல்லும் கருவியின் வடிவே பண் இசைக்கும் கருவியாயிற்று! அந்த நாணொலி எதற்குப் பயன்பட்டது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

கொடைக்கானலைத் தன்னகத்தே கொண்ட பழனி மலைத்தொடர் அன்று ஆவியர் குடித் தலைவன் பேகனின் நாடு. பழனியின் பழம்பெயர் பொதினி. மயிலுக்குப் போர்வை ஈந்த அவனது வள்ளன்மையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவனால் துறக்கப்பட்டுக் கண்ணீர் வடித்த மனைவி கண்ணகியை அறிந்தோர் குறைவு. (சிலம்பின் கண்ணகி வேறு.) புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் இவள் பொருட்டே எழுந்தவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் பேகனிடம் இவளுக்காகப் பரிந்து பேசினர். சீறியாழில் செவ்வழிப்பண் இசைத்து அவனது கானகத்தைப் பாடியபோது அவள் அழுததைப் பரணர் அவனிடமே உரைக்கிறார்.

பரிசிலே பாடுவோரின் பிழைப்பு. அத்தகையோர், எமக்குப் பசியில்லை, சுற்றத்தின் சுமையுமில்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் தீர்ப்பதே யாம் வேண்டும் பரிசில் என்கின்றனர். அணிகலனும் செல்வமும் வேண்டா என்கிறார் அரிசில்கிழார். மயிலின் குளிருக்கு இரங்கிய நெஞ்சம் மனைவியின் கண்ணீருக்கு இரங்காதது ஏன்? ஊரார் புகழும் ஈகை, வீட்டில் இழைத்த அநீதியை ஈடுசெய்யுமா? புரவலனின் முகத்துக்கு நேரே இதைக் கேட்க, வறுமைக்கு அஞ்சாத துணிவு வேண்டும். யாழின் பெருமையை அதன் நரம்புகளின் எண்ணிக்கையில் தேடுவோரைவிட, இப்பாடல்களில் தேடுவோர் அதனை நன்கறிவர் என்பேன்.

பேகன் அன்றிரவு தேரேறினானா என்பதை அப்பாடல்கள் சொல்லவில்லை.