ஏரிக்கரைக் குடிசை

ஊரை விட்டு நாலு நாள் ஓடிப்போய்விட வேண்டும் என்ற ஆசை வருஷத்துக்கு ஒரு முறையாவது எனக்கு வரும். பெரும்பாலும் கதை ஒன்று பாதியில் நின்றுபோகும் சமயமாகப் பார்த்துத்தான் வரும். மலை, ஏரி, ஒரு குடிசை, பக்கத்தில் மனித சஞ்சாரம் கூடாது. இந்த நாலும் கிடைத்தால் நின்றுபோன கதை தானாக நகரும் என்பது எழுதுகிறவர்களுக்கு உள்ள மூடநம்பிக்கைகளில் ஒன்று.

இந்தத் தடவை அந்த ஆசைக்கு இரண்டு கூட்டாளிகள் அகப்பட்டார்கள். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர். இன்னொருவர் விழுப்புரத்து வக்கீல். திருவாமாத்தூரில் என் வீட்டுத் திண்ணையில் மூவரும் உட்கார்ந்து யோசித்தோம். கொடைக்கானல் வேண்டாம் என்பதில் கருத்து வேற்றுமையே இல்லை. 1863-ல் லெவிஞ்ஜ் என்ற கலெக்டர் ஓடையை மறித்து அந்த ஏரியை உண்டாக்கியபோது அங்கே அமைதி இருந்திருக்கும். 2024 மே மாதத்தில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வாங்கித்தான் போகவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அனுமதிச் சீட்டோடு தேடுகிற தனிமை எப்படிப்பட்டது என்று நீங்களே ஊகித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே சாத்தனூரைத் தேர்ந்தெடுத்தோம். சென்னகேசவ மலைகளின் நடுவே தென்பெண்ணையை மறித்து 1958-ல் கட்டி முடித்த அணை அது. 119 அடி வரை நீர் தேக்கலாம். நீர்த்தேக்கத்துக்கு அருகே, மலையடிவாரத்தில், வக்கீலின் உறவினர் ஒருவருக்கு மாந்தோப்பும் அதில் ஓர் ஓலைக் கொட்டகையும் இருக்கின்றன. பட்டா நிலம், காட்டு இலாகாவின் அனுமதிக்கு அலையவேண்டியதில்லை. விழுப்புரத்தில் ரயில் ஏறினால் திருக்கோவிலூர் வழியாகத் திருவண்ணாமலை, அங்கிருந்து பஸ். மூன்று குடும்பங்கள், இரண்டு கூடாரம், நாலு நாள்.

பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. அரிசி, பருப்பு, புளி, பேட்டரி விளக்கு, கயிறு, தார்ப்பாய், கொசுவத்தி, தூண்டில் வரைக்கும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கொண்டுவர வேண்டியவர் பெயரையும் குறித்தேன். ஒரு நாவலுக்குக்கூட நான் இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எடுத்ததில்லை. பெருமையாக இருந்தது. மனைவியிடம் காட்டினேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். "ஏங்க, இதுல அரிசி இருக்கு, பருப்பு இருக்கு, தூண்டில் கூட இருக்கு. ஆக்கிப் போடறவ பேரு மட்டும் காணோமே?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இங்க கேஸ் அடுப்பு. அங்க மூணு கல்ல வெச்சி, புகையில ஊதி ஊதி ஆக்கணும். தண்ணி வேற தூக்கியாரணும். உங்களுக்கு அது லீவு. எனக்கு என்னா?"

வக்கீலல்லவா, நண்பரிடம் உடனே பதில் இருந்தது. தோப்புக் காவல்காரரின் மனைவி நன்றாகச் சமைப்பாராம். கூலி கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கும் நாலு காசு கிடைக்கும்.

"குடுங்கண்ணா, வேணாங்கல. ஆனா திரும்பி வந்து, ஏரிக்கரையில நாலு நாள் எல்லாத்தையும் நாங்களே செஞ்சிக்கிட்டு எளிமையா இருந்தோம்னு இவரு எழுதாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் கட்டுரையின் முதல் வாக்கியத்தை மனசுக்குள் எழுதியே முடித்திருந்தேன்.

ஏரிக்கரைக் குடிசை என்றதும் படித்தவர்களுக்கு ஞாபகம் வருவது அமெரிக்காவின் தோரோ. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காத எனக்கே அவர் வேதம் மாதிரி. 1845 ஜூலை 4-ஆம் தேதி வால்டன் குளக்கரையில் பத்தடிக்குப் பதினைந்தடி குடிசையில் குடியேறினார். கோடரி இரவல், நிலம் நண்பர் எமர்சனுடையது, குடிசைக்கு ஆன செலவு 28 டாலர், பன்னிரண்டரை சென்ட். அரைச் சென்ட்டைக்கூட விடாமல் எழுதி வைத்த மனிதர். இரண்டு வருஷம் இரண்டு மாதம் அங்கே இருந்தார். அன்றிரவு அந்தப் புத்தகத்தை எடுத்து மறுபடி புரட்டினேன். செலவுக் கணக்கில் ஓர் இடத்தில் கண் நின்றது. துணி துவைத்ததும் கிழிசல் தைத்ததும் பெரும்பாலும் வெளியே நடந்தனவென்றும், அதற்கான பில் வந்து சேரவில்லையென்றும் அவரே குறித்திருக்கிறார். பல தடவை படித்த புத்தகம்தான். அந்த இடம் என் கண்ணில் அதுவரை பட்டதில்லை. தோரோவை நான் குறைசொல்ல வரவில்லை. மறைக்காமல் எழுதினாரே, அதுவே பெரிது. வராத பில்லை யார் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு இப்போது கேள்வி.

நம் இராமன் வனவாசம் போனபோதும் பர்ணசாலை கட்டியது இலக்குவன். அதைப் பார்த்து, இதையெல்லாம் எப்போது கற்றாய் என்று இராமன் கேட்பதாகவும், அவன் கண்ணில் நீர் வருவதாகவும் கம்பர் பாடியிருக்கிறார். கட்டியவனை இராமன் பார்த்தானே! நான் பட்டியல் போட்டவன். பார்க்கவுமில்லை.

கூலி கொடுத்தால் நியாயம் தீர்ந்ததா என்று இரண்டு நாள் யோசித்தேன். வக்கீல் சொன்னதில் தப்பில்லை. பிறர் உழைப்பு இல்லாமல் யாரும் ஒரு வேளை சாப்பிட முடியாது. நியாயமான கூலியை வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் சமைப்பதில் இழிவு எதுவுமில்லை. வேலை இல்லாமல் இருப்பதைவிட அதை விரும்பவும் செய்யலாம். ஓட்டலில் தங்கினால் இதே கதைதான். ஆனால் ஓட்டலில் தங்கியவன் நான் துறவியாக இருந்தேன் என்று சொல்லுவதில்லை. எங்களுக்கு வேண்டியிருந்தது சாப்பாடும் படுக்கையும் மட்டுமல்ல. எளிமையாக வாழ்ந்தோம் என்ற பெயரும் வேண்டியிருந்தது. சாப்பாட்டுக்குக் கூலி கொடுக்கலாம். அந்தப் பெயருக்கு எந்தக் கணக்கில் கூலி கொடுப்பது?

எங்கள் ஊர்க் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. இராமனும் சுக்ரீவனும் அதன் முன்னே நட்புக்குச் சத்தியம் செய்துகொண்டதாக ஐதீகம். பொய்ச் சத்தியம் செய்தவனை அது விடாது என்ற பயம் இந்தப் பக்கத்தில் இன்னும் போகவில்லை. நான் அப்படியொன்றும் பக்திமான் அல்ல. இருந்தாலும் மூன்றாம் நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போனவன், அந்தப் பக்கம் திரும்பாமலே வந்துவிட்டேன்.

காரணம் சாத்தனூர் அல்ல. இருபது வருஷமாக நான் ஏரிக்கரையில்தான் இருந்து வந்திருக்கிறேன் என்பது அதற்குள் தெரிந்துபோயிருந்தது. காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். பத்து மணிக்குக் காப்பி வரும். யார் வந்தாலும் வாசலோடு பேசி அனுப்பப்படுவார்கள். பையன் சத்தம் போட்டால் அடக்கப்படுவான். அதற்கு நான் தனிமை என்று பெயர் வைத்திருந்தேன். எழுத்தாளனுக்குத் தனிமை எவ்வளவு அவசியம் என்று இரண்டு கட்டுரைகள்கூட எழுதியிருக்கிறேன். சோற்றை ஆக்கிப் போட்ட மாதிரியே அந்தத் தனிமையையும் ஒருத்தி தினம் ஆக்கிப் போட்டிருக்கிறாள். எட்டு நாவலின் முன்னுரையிலும் பதிப்பாளருக்கு நன்றி சொன்னவன் நான்.

ஏரியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி விடியுமுன், ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்களில் ஜனங்கள் வீட்டுக்குள் வெள்ளத்தோடு கண்விழித்தார்கள். முன்னறிவிப்புப் போதுமா என்று எழுந்த சர்ச்சை வேறு விஷயம். அந்த ராத்திரி மதகுகளின் பக்கத்தில் மழையில் நின்றுகொண்டு அளவைப் பார்த்தவர்கள் சிலர் இருந்திருப்பார்களல்லவா? நாங்கள் நிலவில் பார்த்து ரசிக்க நினைத்த தண்ணீர், அப்படிச் சிலர் தூக்கம் கெட்டுக் காக்கிற தண்ணீர்.

போகாமல் இருந்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "ஏன், எனக்கு மட்டும் மலையப் பாக்கணும்னு ஆசை இருக்காதா?" என்றாள். இதுவும் எனக்குத் தோன்றாத விஷயம்.

அதனால் ஒத்திகை பார்க்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் மூன்று கல் வைத்து, நானும் பையனும் சமைத்தோம். சோறு குழைந்துவிட்டது; ரசத்தில் உப்பை மறந்தோம்; புகையில் எனக்குக் கண் இரண்டும் சிவந்துவிட்டன. அவள் திண்ணையில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்தாள். பழக்கதோஷம், இரண்டு தடவை எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

தை மாதத்தில் புறப்படுவதாக ஏற்பாடு. சமையல் முறை போட்டாகிவிட்டது: முதல் நாள் நான், இரண்டாம் நாள் ஆசிரியர், மூன்றாம் நாள் வக்கீல், நாலாம் நாள் காவல்காரர் வீட்டாரையும் கூப்பிட்டு எல்லோரும் சேர்ந்து. வக்கீல் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பட்டியலின் அடியில் என் மனைவியின் எழுத்தில் புதிதாக ஒரு வரி இருக்கிறது: 'பாத்திரம் தேய்ப்பவர்'. அதற்கு எதிரே பெயர் எழுத இடம் விட்டிருக்கிறாள்.